மணல் தேடிப் புதுச்சேரிக்கு

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு புதுச்சேரி செல்வதென முடிவாகியிருக்கிறது. நாங்கள் வாழும் தொம்மலூரை இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. கடலில்லாத இந்தப் பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக ஏறத்தாழ 310 கிலோமீட்டர். விடுதியும் வண்டியும் பேசி முடித்த பிறகு மகள் கேட்டாள்: "அங்கே மணல்வீடு கட்டலாமா, அப்பா?" அதற்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினர். 1693இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி 1699இல் திருப்பி அளித்தனர். இன்று நாம் பிரெஞ்சு அழகென வியக்கும் நேர்கோட்டுத் தெருக்களுக்கு அந்த இடைக்காலத்து டச்சு வரைபடமே அடிப்படை. இத்தனைக்கும் அந்நகருக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டாத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் சலங்குகளில் கரை சேர்ந்தன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய சலங்கு, அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். ஐரோப்பியப் படகுகள் உடைந்துபோகும் அலைவாயை உள்ளூர்ப் படகோட்டிகள் நாள்தோறும் கடந்தனர். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வரவும் பீரங்கி மரியாதையும் தொடர்ந்து பதிவாகின்றன. அவ்வரவுகள் ஒவ்வொன்றும் இப்படகோட்டிகளின் உழைப்பால்தான் கரை தொட்டன. கடற்கரை அன்று உல்லாசத்திற்கான இடமன்று, நகரின் வேலைக்களம்.

பயணத் திட்டமும் அன்று வேறாக இருந்தது. நாம் பள்ளி விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறோம். மாலுமிகள் பருவக்காற்றைப் பார்த்துக் குறித்தனர். வடகிழக்குப் பருவத்தில் திறந்த கடலில் கப்பலை நிறுத்துவது பேராபத்து. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற லா பூர்தொனேயின் கப்பல்களைப் புயல் சிதைத்தது. 1761 தொடக்கத்தில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆயினும் அந்த ஜனவரியிலேயே நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பின்னர் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் ஒளிப்படம் எடுக்கும் 'பழைய' வீடுகள் அதற்குப் பின் எழுந்தவை.

அப்படியானால் மணல் எங்கே போயிற்று? சோழமண்டலக் கரையில் மணல் நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது. நகரைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. நகரம் தப்பியது, அரிப்போ வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி போன்ற மீனவர் ஊர்களை எட்டியது. படகு ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் அவர்களுக்கு இருந்த நிலம் குறைந்தது.

இங்கேதான் நம் வரலாற்றெழுத்தின் பொறுப்பு தொடங்குகிறது. புதுச்சேரி என்றதும் ஆளுநர்களையும் மாளிகைகளையும் எழுதுகிறோம். சலங்கு தள்ளியவர்களைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுகிறோம். காலனிய வணிகத்தைக் கரை சேர்த்த சமூகங்களின் கரையே இன்று கரைகிறது என்பதைச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை, நம் ஆய்வேடுகளும் போதிய அளவு சொல்வதில்லை.

2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்தை அடுத்த கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அதன்பின் நகரக் கரையில் மீண்டும் மணல் சேர்ந்தது. எனவே மகளுக்குச் சொல்லிவிட்டேன்: மணல்வீடு கட்டலாம். முதல் நாள் மாலை அங்கே கட்டுவோம். மறுநாள் காலை வடக்கே சென்று, மணல் இழந்த ஊர்களையும் பார்த்து வருவோம்.