ஸ்னைடர்–என்ஃபீல்டு துப்பாக்கி

ஸ்னைடர்–என்ஃபீல்டு என்பது, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய படைத் துப்பாக்கிகளின் அடிப்பகுதியை வெட்டி நீக்கி, பின்புறமாகத் தோட்டா இடும்படி மாற்றியமைத்த பிரிட்டிஷ் காலாட்படைத் துப்பாக்கியாகும். 1866இல் ஏற்கப்பட்ட இது, 1871இல் மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கி ஏற்கப்பட்டபின் படிப்படியாக விலக்கப்பட்டது.

இதற்கு மூலமான துப்பாக்கி 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ஆகும். குழலின் உட்சுவரில் மூன்று புரிகள், அதாவது குண்டைச் சுழலச் செய்யும் திருகு வரிகள், வெட்டப்பட்ட அத்துப்பாக்கி கிரிமியப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் வழங்கியது. பல்லால் கடித்துத் திறக்கவேண்டிய அதன் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவே, 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

மாற்றத்துக்கு வழிவகுத்தது 1864ஆம் ஆண்டின் டென்மார்க் போராகும். பிரஷ்யக் காலாள் தன் டிரைசே ஊசித் துப்பாக்கியைத் தரையில் படுத்தபடியே பின்புறமாக நிரப்பிச் சுட, எதிரே நின்ற டேனிஷ் வீரனோ மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடிப்பதற்கு எழுந்து நிற்கவேண்டியிருந்தது. இதைக் கண்ட பிரிட்டிஷ் போர்த்துறை, கையிருப்பிலிருந்த என்ஃபீல்டுகளைக் குறைந்த செலவில் பின்வழி நிரப்பிகளாக்கும் திட்டங்களைக் கோரி அதே ஆண்டு விளம்பரம் செய்தது. வந்த ஏறக்குறைய ஐம்பது திட்டங்களுள், நீண்ட சோதனைகளுக்குப்பின், பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கரின் அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது.

அமைப்பு மிக எளியது. 39 அங்குலக் குழலின் அடியில் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் மேற்புறம் திறந்த ஓர் இரும்புக் கூடு திருகி இறுக்கப்பட்டது. அக்கூட்டின் வலப்பக்கக் கீலில் திரும்பும் அடைப்புக்கட்டை பெட்டி மூடிபோல் பக்கவாட்டில் திறந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிக் கட்டையை மூடியபின் விசையை அழுத்தினால், பழைய பூட்டின் குதிரை (அடிக்கும் சுத்தி) கட்டையினூடே சாய்வாகச் செல்லும் ஊசியைத் தட்டும். சுட்டபின் கட்டையைத் திறந்து பின்னிழுத்தால் வெற்றுக்கூடு குழலைவிட்டு வெளிவரும். ஆனால் தானாக எகிறாததால், வீரன் துப்பாக்கியை வலப்பக்கம் கவிழ்த்து அதைக் கொட்டவேண்டும். மரக்கட்டையும் பூட்டும் பெரும்பாலும் மாறவில்லை. ஆகவே, பூட்டுத் தகட்டில் பொறித்த ஆண்டு, அதே துப்பாக்கியின் அடைப்புக்கட்டையைவிடச் சில ஆண்டுகள் மூத்ததாக இருப்பதை இன்றும் காணலாம். ஒரே கருவியில் இரு தலைமுறைத் தொழில் சேர்ந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தொடக்கத்தில் இடையூறு தந்தது தோட்டாவே. அட்டையால் செய்த முதல் தோட்டாக்களின் குறி தவறியது. உல்விச் ஆயுத ஆய்வகத்தின் தலைவர் எட்வர்ட் பாக்சர், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடித்தட்டில் பொருத்திய தோட்டாவை வடிவமைத்தார். அதன் ஈயக்குண்டின் அடிக்குழியில் சுட்ட களிமண் அடைப்பு ஒன்று இருந்தது. வெடிக்கும் வேகத்தில் அது முன்னே தள்ளப்பட்டு ஈயத்தை விரித்துப் புரிகளில் பதியச் செய்தது. இத்தோட்டாவால், வாய்வழித் துப்பாக்கியில் நிமிடத்துக்கு மூன்றாக இருந்த சுடுவேகம் தேர்ந்த கைகளில் பத்தாக உயர்ந்ததோடு, மாற்றிய துப்பாக்கி தன் மூலத்தைவிட நன்றாகக் குறி பிடித்தது. அந்தச் சிறு களிமண் துண்டுக்கு இவ்வெற்றியில் உள்ள பங்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

அமைப்பின் உரிமை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. பாரிஸைச் சேர்ந்த ஷ்னைடர் என்பவரின் முந்தைய வடிவத்திலிருந்தே இது பெறப்பட்டது என்போரும், ஸ்னைடரே தனியாக எண்ணியது என்போரும் உளர். ஊதியம் பற்றிய பிணக்கு முடிவதற்குள் ஸ்னைடர் 1866இலேயே கடனாளியாக இறந்தார்.

1868இல் அபிசீனியப் படையெடுப்பின்போது, ஏப்ரல் 10ஆம் நாள் அரோகி சமவெளியில் இத்துப்பாக்கி களம் கண்டது. 1857க்குப்பின் புரியற்ற துப்பாக்கிகளே தரப்பட்டிருந்த இந்தியப் படைப்பிரிவுகளுக்கு இது பின்னரே வந்தது. பிரிட்டிஷ் வீரர்கள் மார்ட்டினி–ஹென்றிக்கு மாறிய பிறகும், 1878–80 ஆப்கானியப் போரில் இந்தியச் சிப்பாய்கள் ஸ்னைடரையே ஏந்தினர். புதிய கருவி ஆளுவோருக்கும் பழையது ஆளப்படுவோருக்கும் என்ற வழக்கத்தை இது காட்டுகிறது.

பிற நாடுகளிலும் இவ்வாறே பழையவை மாற்றப்பட்டன: அமெரிக்காவில் ஆலின், ஆஸ்திரியாவில் வென்சல், பிரான்சில் தபாத்தியேர், ரஷ்யாவில் க்ரின்கா ஆகிய அமைப்புகளால். ஜப்பானியப் படைகளும் ஸ்னைடரைப் பயன்படுத்தின.

2003இல் காட்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்த பெருந்தொகைத் துப்பாக்கிகளை வெளிநாட்டுப் பழம்பொருள் வணிகர்கள் வாங்கியபோது, அவற்றுடன் ஸ்னைடர்களும் சேகரிப்பாளரிடம் சென்றன.