கைமாறிப் போன சேதி

1914 ஏப்ரல். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரம். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சரைக் கண்டுபிடித்த பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம், ஓர் இரவு வீட்டில் தம் வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்து மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒருவரிடம் ஆடியான் குழாய் ஒன்று விலைக்கு இருந்தது. மெல்லிய சிக்னலையும் காதில் விழச் செய்யும் அந்தக் குழாய் அன்று எளிதில் கிடைக்காத பொருள். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆனாலும் அன்றிரவு அதைக் கேட்டு அவர் அனுப்பிய சேதி அங்கே எட்டவில்லை.

பாதி வழியில் வின்ட்சர் லாக்ஸ் என்றொரு ஊர். அங்கேயும் ஒரு வானொலி ஆர்வலர் இருப்பது மாக்சிமுக்கு நினைவு வந்தது. அவரைக் கூப்பிட்டார். அவர் சேதியை வாங்கி ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தட்டிவிட்டார்.

மாக்சிமின் மனத்தில் இது தங்கிவிட்டது. நாடெங்கும் பள்ளிப் பையன்களும் வேலைக்குப் போகிறவர்களும் இராச்சாப்பாடு முடிந்ததும் இப்படித்தான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருட்டிய பிறகு அலைகள் கூடுதல் தூரம் போகும் என்பதால் இரவுதான் அவர்களுடைய நேரம். ஆனால் 1912 சட்டம் அவர்களை 200 மீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களுக்குள், ஒரு கிலோவாட் திறனுக்குள் நிறுத்தியிருந்தது. எதற்கும் உதவாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய அலைகள் அவை. தனியாக முயன்றால் பக்கத்து ஊர்களோடு சரி. ஒருவர் சேதியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தால் நாட்டையே கடக்கலாமே!

இளைஞர் கிளாரன்ஸ் டஸ்காவும் ஹார்ட்ஃபோர்ட் ரேடியோ கிளப்பும் துணை நிற்க, அதே ஆண்டில் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் பிறந்தது. கைமாற்றித் தருவதைக் குறிக்கும் ரிலே என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. 1915 டிசம்பரில் அவர்களுக்கென ஒரு பத்திரிகை வந்தது. பெயர் க்யூ.எஸ்.டி. ‘எல்லா நிலையங்களுக்கும்’ என்று கூப்பிடும் தந்திக் குறி அது.

1917இல் முதல் உலகப் போர் அமெரிக்காவையும் எட்டி, நிலையங்களை மூட வைத்தது. 1919இல் மறுபடி சாவிகள் ஒலித்தன. 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலுவாவும் கனெக்டிகட்டின் ஃபிரெட் ஷ்னெல்லும் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். கைகொடுத்தது 110 மீட்டர் அளவிலான அலை. ஒதுக்கித் தள்ளிய அலைதான் கடல் தாண்டியது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்த வின்ட்சர் லாக்ஸ்காரர். குழாயை விற்றவர் அவரல்ல, வாங்கியவரும் அவரல்ல. தனக்குப் பிடித்த ஒன்றுக்காகக் கண்விழித்திருந்தார், கூப்பிட்ட குரல் காதில் விழுந்தது, சேதியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார். தன் கை எட்டாத இடத்தில் இன்னொரு கை இருக்கும் என்று நம்பித்தான் ஆர்வலர்கள் இராத்திரியில் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள். அன்று அந்தக் கை இருந்தது.