உளச்சிகிச்சையில் தன்வெளிப்பாடு

உளச்சிகிச்சையாளர் தம் வாழ்வனுபவத்தையோ, நோயாளியைக் குறித்துத் தமக்குள் எழும் உணர்வையோ சிகிச்சையின் பகுதியாக எடுத்துச் சொல்வது தன்வெளிப்பாடு. சொல்லாமல் தமக்குள்ளேயே ஆராய்ந்து பார்ப்பது தன்னாய்வு. இரண்டில் தன்னாய்வே மூத்தது.

தந்தை இறந்த மறு ஆண்டு, 1897-இல், வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு தம்மையே ஆய்வுக்கு உட்படுத்தினார். தம் கனவுகளையும் பிள்ளைப்பருவ நினைவுகளையும் பெர்லினில் இருந்த நண்பர் வில்ஹெல்ம் ஃபிளீசுக்குக் கடிதங்களில் எழுதிவந்தார். 'கனவுகளின் விளக்கம்' நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது; முகப்பில் 1900 என்றே அச்சாகியிருந்தது. அதில் முதன்முதலில் விரிவாகப் பகுத்தாயப்படுவது, 1895 ஜூலையில் அவரே கண்ட 'இர்மா' கனவு. தம் நோயாளியான இர்மாவுக்கு முழுக் குணம் கிட்டாத பழி தம்மீது விழக்கூடாது என்ற விருப்பமே கனவாக வந்தது என்று எழுதினார். உளப்பகுப்பாய்வின் அடிப்படை நூலே ஒரு மருத்துவரின் தன்கதை எனலாம்.

அவரேதான் 1912-இல், மருத்துவர் கண்ணாடிபோல இருந்து நோயாளி காட்டுவதை மட்டும் திருப்பிக் காட்ட வேண்டும் என்று விதித்தார். விதித்தவர் அதைக் கடைப்பிடிக்கவில்லை. 'எலி மனிதன்' எனப்பட்ட நோயாளிக்கு உணவளித்தார்; சொந்த மகள் ஆன்னாவைத் தாமே பகுத்தாய்ந்தார்.

விதியைத் துணிந்து உடைத்தவர் புடாபெஸ்ட் நகரின் சாண்டோர் ஃபெரென்சி. எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கர் அவரிடம் சிகிச்சை பெற்றார். செவர்னும் ஒரு சிகிச்சையாளரே. மருத்துவர் தம்மை உள்ளூர வெறுப்பதாகவும், அதை மறைப்பதால் சிகிச்சை முன்னேறவில்லை என்றும் செவர்ன் வாதிட்டார். ஃபெரென்சி ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் முறைமாற்றி ஒருவரையொருவர் பகுத்தாய்ந்தனர். மருத்துவர் மனதில் உள்ளதையெல்லாம் சொல்லத் தொடங்கினால் மற்ற நோயாளிகளின் இரகசியங்களும் வெளிவருமே என்ற சிக்கலை 1932-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவரே எழுப்புகிறார். 1933 மே மாதம் அவர் காலமானார். நாட்குறிப்பு 1985-இல்தான் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. பிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ், ஃபெரென்சிக்கு இறுதிக்காலத்தில் மனநிலை பிறழ்ந்திருந்ததாகக் குறித்தது நேர்மையான மதிப்பீடு அன்று.

லண்டனில் பவுலா ஹைமான், மருத்துவருக்குள் எழும் உணர்வு நோயாளியின் மனதை அறியும் கருவி என்று 1950-இல் எழுதினார். ஆனால் அதை நோயாளியிடம் சொல்லலாகாது என்றார். மார்கரெட் லிட்டில், தக்க சமயத்தில் சொல்வதே நலம் என்றார். லிட்டில் பிற்காலத்தில், டொனால்டு வினிகாட்டிடம் தாம் சிகிச்சை பெற்ற கதையையும் நூலாக எழுதினார்.

அமெரிக்காவில் இர்வின் யாலோம், ஒரு நோயாளியிடம் கட்டணத்துக்கு ஈடாக ஒவ்வொரு அமர்வைப் பற்றியும் எழுதித் தரக் கேட்டு, தாமும் எழுதினார். சில மாதங்களுக்கு ஒருமுறை இருவரும் குறிப்புகளை மாற்றிப் படித்தனர். இவை 1974-இல் நூலாயின. இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைனஹன், இளமையில் தாமே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல் பொதுவெளியில் சொன்னார். இன்று தன்னாய்வு பயிற்சியின் பகுதி. தன்வெளிப்பாடு, நோயாளிக்குப் பயன்படும் அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் ஏற்கப்படுகிறது.