கைநாட்டும் ஆணையரின் பதிவேடும்

வேலையில் காயம்பட்ட தொழிலாளியும் முதலாளியும் ஒரு தொகை பேசி முடித்துக்கொண்டாலே கணக்குத் தீர்ந்துவிடாது. 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மொத்தத் தொகையாகத் தீர்க்கும் உடன்படிக்கையைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிய வேண்டும் என்று 28-ஆம் பிரிவில் விதித்தது. பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவுண்டி நீதிமன்றப் பதிவாளர் பார்த்த வேலை இது.

உடன்படிக்கை கைக்கு வந்ததும் ஆணையர் இரு தரப்புக்கும் அறிவிப்பு அனுப்பி, ஏழு நாள் பொறுக்க வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ கைநாட்டு வாங்கப்பட்டது என்றோ தோன்றினால் பதிய மறுக்கலாம். பதிவுக்கே அனுப்பாத முதலாளியை 29-ஆம் பிரிவு பிடித்துக்கொண்டது: சட்டப்படியான முழு இழப்பீட்டையும் அவர் தந்தாக வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் சொன்னாலொழிய, கழித்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பத்திரத்தாளை நீட்டும் வழக்கத்துக்குச் சட்டம் வைத்த சரியான பூட்டு இதுதான். தொழிலாளி இறந்துவிட்டாலோ, பணத்தை ஆணையரிடமே கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தது, சிறு முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் ஏறாது.

தொகையைக் கணக்கிடுவதில், முதிய தொழிலாளி என்று தனியாக ஒருவரை அன்றைய சட்டம் பார்க்கவில்லை. 15 வயது நிரம்பியவரா, இல்லையா என்பதோடு வயதுக் கேள்வி முடிந்தது. நிரம்பியவரின் முழு நிரந்தர ஊனத்துக்கு 42 மாதக் கூலி, அல்லது 3,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. கூலி ஒன்றானால் 25 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் தொகையும் ஒன்றே.

1984-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. புதிதாகச் சேர்ந்த நான்காம் அட்டவணை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணியைத் தந்தது: 25-க்கு 216.91, 40-க்கு 184.17, 60-க்கு 117.41. இனி உழைக்கக்கூடிய காலம் எவ்வளவு என்பதே இதன் அடிப்படை. கணக்கு நியாயமானதுதான், வேறு தொழிலுக்கு மாற வழியில்லாத கிழவரின் நிலை மட்டும் அதில் வராது. முழு நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் உயர்ந்த 15,000 ரூபாய்க் கூலி வரம்பை வைத்துப் பார்த்தால், 60 வயதில் 10,56,690 ரூபாய். 65 வயதில் 8,94,330.

பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத தலைமுறைக்கு இந்த ஐந்து வருஷம் லேசானதல்ல. ஊரில் வயதைக் கூட்டிச் சொன்னால் மரியாதை. ஆணையர் முன்னால் அதுவே நஷ்டம். ஆகவே உடன்படிக்கையைப் பார்க்கும் ஆணையர் தொகையோடு, அதில் எழுதிய வயதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. 65-க்கு மேல் அட்டவணை இறங்குவதில்லை. 80 வயதுக் காவலாளிக்கும் காரணி அதே 99.37.