அரசனைத் தடுத்த சொல்

பாங்கியில் நீட்டுகிற 'செக்', சட்டைத் துணியில் இருக்கும் 'செக்', கணக்கைச் 'செக்' செய்வது, சதுரங்கத்தில் சொல்லும் 'செக்' எல்லாம் ஒரே குடும்பம்தான் என்றால் நம்புவீர்களா?

குடும்பத்தின் மூதாதை 'ஷா' என்ற பாரசீகச் சொல். அரசன் என்று பொருள். நம் சதுரங்கம் பாரசீகம் போய், அரபு நாடுகளைக் கடந்து ஐரோப்பா சேர்ந்தது. ராஜாவைத் தாக்கும்போது சொல்லும் 'ஷா', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. தாக்குண்ட ராஜா இஷ்டம்போல் நகர முடியாது. ஆகவே தடை என்ற பொருள் வந்தது; அதிலிருந்து சரிபார்த்தல் பிறந்தது. கட்டம் போட்ட துணிக்குப் பெயர் தந்ததும் சதுரங்கப் பலகைதான்.

12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் வருவாய்க் கணக்கைக் கட்டமிட்ட துணி விரித்த மேஜைமீது, காய்களை நகர்த்திப் பார்த்தார்கள். அதனால் கஜானாவுக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் 'செக்' என்பது மோசடியைத் தடுக்க வைத்த அடிக்கட்டையைக் குறித்தது. பிறகு சீட்டையே குறித்தது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1787-இல் அமெரிக்கர் அரசியல் சட்டம் வகுத்தபோது, அதிகாரம் ஒரே கையில் குவியாதபடி ஒன்றுக்கு மற்றொன்றை 'செக்' ஆக வைத்தார்கள். அரசனின் பெயராய்ப் பிறந்த சொல், ஆள்வோருக்கே கடிவாளம் ஆகிவிட்டது! அகராதியில் இதைவிட நியாயமான தீர்ப்பை நான் கண்டதில்லை.