தெலங்கானாப் போராட்டத்தில் பெண்கள்: ஒரு வாய்மொழி வரலாற்று நூலின் மறுவாசிப்பு

ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1946 முதல் 1951 வரை கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் நீடித்த உழவர் எழுச்சியில் பெண்கள் பங்கெடுத்ததை எவரும் மறுத்ததில்லை. வரலாற்றில் அவர்களுக்கு எந்த இடம் தரப்பட்டது என்பதில்தான் சிக்கல். அதன் தலைவர்களில் ஒருவரான பி. சுந்தரய்யா 1972இல் வெளியிட்ட போராட்ட வரலாறு, 3,000 கிராமங்கள், 10 லட்சம் ஏக்கர் நிலப்பகிர்வு என்று கணக்குச் சொல்லும் பெருநூல். பெண்களைப் பற்றியும் தனியாகப் பேசுகிறது. ஆனால் அங்கே நாம் பார்ப்பது பெரிதும் தியாகிகளை. அவர்கள் தகவல் கடத்துகிறார்கள், போலீஸ் வதையைத் தாங்குகிறார்கள், தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார்கள். தங்கள் வாழ்வைப் பற்றி அவர்களே என்ன நினைத்தார்கள் என்பது பிடிபடுவதில்லை.

அந்த இடத்தை நிரப்ப முயன்றது ஹைதராபாத்தின் ‘ஸ்திரீ சக்தி சங்கடனா’. காவல்துறையின் பாலியல் வன்முறைக்கு எதிராக 1978இல் அந்நகரில் எழுந்த கொந்தளிப்பின் காலத்தில் உருவான பெண்ணியக் குழு இது. கே. லலிதா, வசந்த் கண்ணபிரான், சூசி தாரு உள்ளிட்டோர் முன்னாள் போராளிகளைத் தேடிச்சென்று பதிவுசெய்த நேர்காணல்கள் 1986இல் தெலுங்கிலும், 1989இல் ‘வீ வேர் மேக்கிங் ஹிஸ்டரி’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் நூலாயின.

இந்நூலின் பெரும் சாதனை, போராட்டத்துக்குள்ளேயே நடந்த இன்னொரு பேரத்தை வெளிக்கொணர்ந்தது. காட்டில் கெரில்லாக் குழுவோடு இருந்த கமலம்மா பெற்ற பிள்ளையைப் பிறரிடம் விட நேர்ந்ததைச் சொல்லும் பகுதி அதற்குச் சான்று. எந்த அறிக்கையிலும் ‘தியாகம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடக்கூடியது அது. அவர் வாயிலிருந்து வரும்போது முடிவெடுத்தது யார், விலை கொடுத்தது யார் என்ற கேள்வியாகிறது. 1951 அக்டோபரில் போராட்டம் திரும்பப் பெறப்பட்ட பிறகு, துப்பாக்கி ஏந்திய பெண்கள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியிருந்ததையும் பலர் பேசுகிறார்கள். நிலவுடைமைக் குடும்பத்திலிருந்து வந்த மல்லு ஸ்வராஜ்யம் போல, பின்னர் சட்டமன்றம் வரை சென்றவர்கள் அரிது.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. திருமணம், தாய்மை, தலைமையின் ஆண்மனம் ஆகியவை 1980களின் பெண்ணியத்துக்கு முதன்மையான அக்கறைகள். முழுநேர ஊழியர்களாக இருந்தவர்களிடம் இவற்றைக் கேட்டபோது வளமான பதில்கள் கிடைத்தன. சிட்யால ஐலம்மாவின் கதையோ வேறு தடத்தில் போகிறது. சலவைத் தொழில் செய்யும் சாதியில் பிறந்து பாலகுர்த்தியில் வாழ்ந்த அவர், குத்தகை நிலத்தில் விளைந்த கதிரை நிலக்கிழாரான விஸ்னூர் தேஷ்முக் அள்ளிச்செல்ல முயன்றபோது உழவர்களின் கிராமச் சங்கத்தின் துணையோடு எதிர்த்து நின்றவர். அவர் கதையில் ஓங்கி நிற்பவை நிலமும் தானியமும் ‘வெட்டி’ எனும் கூலியற்ற கட்டாய வேலையும் சாதியும். ‘பெண்’ என்ற ஒரே சரட்டில் அவரையும் தொகுப்பில் பேசும் நகரத்து ஜமாலுன்னிசா பாஜியையும் கோக்கும்போது, சரடு அறுவதில்லைதான். ஆனால் மணிகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது.

காலத்தின் பிரச்சினையும் உண்டு. பேசியவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நினைவுகூர்ந்தவர்கள். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்ததைப் பார்த்தவர்கள். அவர்களுடைய கசப்பில் எவ்வளவு 1951க்கு உரியது, எவ்வளவு பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்தது என்பதைத் தொகுப்பாளர்கள் இன்னும் கறாராக எடைபோட்டிருக்கலாம்.

ஐலம்மா 1985இல் காலமானார். தெலங்கானா தனி மாநிலமாக அமைந்தபின் அவர் அரசு விழாக்களின் நாயகியானார். 2024இல் ஹைதராபாத் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. நூலைத் தொகுத்த குழு தவிர்க்க விரும்பிய வீரநாயகி வழிபாடு இப்படி அரசின் கையால் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு மாறான திசையில் சென்றவர் கொண்டபல்லி கோட்டேஸ்வரம்மா. தொகுப்பில் பேசியவர்களில் ஒருவரான அவர், 2012இல் ‘நிர்ஜன வாரதி’ என்ற தன்வரலாற்றை எழுதினார். ‘ஆளற்ற பாலம்’ என்ற பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. தலைமறைவு வாழ்க்கைக்கு நிகரான இடத்தை, கணவர் பிரிந்தபின் காக்கிநாடா விடுதியொன்றில் காப்பாளராகச் சம்பாதித்துப் பிழைத்த ஆண்டுகளுக்கும் அதில் தருகிறார். இயக்கத்தின் மீது அவருக்கு வருத்தமும் உண்டு, பற்றும் உண்டு. எதை முதலில் சொல்வது, எதில் நிறுத்துவது என்று இம்முறை அவரே தீர்மானித்திருக்கிறார்.