இரும்பும் மீகடத்தலும்: ஒரு விலக்கு நீங்கிய வரலாறு

விஞ்ஞானத்திலே புதிய உண்மைகள் தோன்றுவதற்குப் பொருள்களும் கருவிகளும் மாத்திரம் போதா. எதனைத் தேடலாம், எதனைத் தேடலாகாது எனக் காலம் வகுத்துவைத்த எல்லைகளும் மீறப்படல் வேண்டும். இரும்புசார் மீகடத்திகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1911 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒனெஸ், ஏறத்தாழ 4.2 கெல்வினில் இரசத்தின் மின்தடை அற்றுப்போவதைக் கண்டார். மீகடத்தியில் இலத்திரன்கள் சோடிகளாக இயங்குவதை 1957 இல் பார்டீன், கூப்பர், சிறீபர் ஆகியோர் விளக்கினர். காந்தவியல்புடைய அணுக்கள் அச்சோடிகளைக் குலைப்பதும் தெளிவாயிற்று. எனவே, சில விதிவிலக்குகள் அறியப்பட்டிருந்தபோதிலும், இரும்பு மீகடத்தலுக்குப் பகையெனவே பொதுவாகக் கருதப்பட்டது. 1986 இல் பெட்னோர்சும் முல்லரும் செம்பு ஒட்சைட்டுகளில் உயர்வெப்பநிலை மீகடத்தலைக் கண்டறிந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

இங்கு கருதத்தக்கது யாதெனில், உரிய பொருள் முன்னரே கைவசமிருந்தமையாகும். இலந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் ஆகியன சேர்ந்த சேர்வையை ஜேர்மனிய இரசாயனவியலாளர் 2000 ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். அதனை மீகடத்தியாக்கியோர், குறைகடத்திகளை ஆராய்ந்துவந்த தோக்கியோ தொழினுட்ப நிறுவகத்து ஹொசோனோ குழுவினர். 2006 இல் ஆசனிக்குக்குப் பதிலாகப் பொசுபரசைக் கொண்ட சேர்வை ஏறத்தாழ 4 கெல்வினில் மீகடத்தியாதலை அவர்கள் கண்டனர். 2008 இல் ஆசனிக்குச் சேர்வையை நாடினர்.

அச்சேர்வையில் இலந்தனம்-ஒட்சிசன் படைகளும் இரும்பு-ஆசனிக்குப் படைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. தூய நிலையில், ஏறத்தாழ 140 கெல்வினில் அதிற் காந்த ஒழுங்கு தோன்றும், மீகடத்தல் தோன்றாது. ஒட்சிசனிற் சிறு பங்கினைப் புளோரீனாற் பிரதியிட்டபோது நிலை மாறிற்று. ஒட்சிசன் அயன் இரு மறையேற்றங்களை உடையது. புளோரீன் அயன் ஒன்றையே உடையது. ஆதலால் எஞ்சும் இலத்திரன் இரும்புப் படையைச் சேர்கின்றது. காந்த ஒழுங்கு ஒடுங்க, 26 கெல்வினில் மீகடத்தல் தோன்றியது. அவ்வாண்டிலேயே சீன ஆய்வாளர் சமாரியத்தைக் கையாண்டு 55 கெல்வினை எட்டினர். ஜேர்மனியில், வேறோர் இரும்புச் சேர்வையிலுள்ள பேரியத்திற் பகுதியைப் பொற்றாசியத்தாற் பிரதியிட்டு, இலத்திரன்களைக் குறைத்தும் 38 கெல்வினில் மீகடத்தலைப் பெற்றனர்.

பகையெனத் தள்ளப்பட்ட காந்தவியல்பின் ஏற்றவிறக்கங்களே இலத்திரன்களைச் சோடி சேர்க்கின்றன என்று இன்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முடிந்த முடிபு இன்னும் எய்தப்படவில்லை. எனினும் ஒன்று துணிபு. எட்டாண்டுகள் அச்சேர்வை மறைந்திருக்கவில்லை. அதனிடம் வினா எழுப்பப்படாமலே இருந்தது. விதியென வழங்குவது இயற்கையின் விதியா, நமது பழக்கத்தின் விதியா எனப் பிரித்தறிவதே ஆய்வாளனின் முதற் கடமையாகும்.